பிளேடுப் பையன்

“எதுக்கு கண்ணு அந்தப் பாவு நூல அறுத்த?”

முன் சீட்டிலிருந்து திரும்பி அந்த அம்மாள் கேட்டதும் மோகன்குமார் சிரித்துவைத்தான். காலையில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து இதையே கேட்கிற ஐந்தாவது ஆள். கருமத்தம்பட்டி பஸ்ஸோ இன்னும் காந்திபுரம் ஸ்டாண்டை விட்டு நகர்ந்தபாடில்லை.

செவ்வாய்க்கிழமை டி.வி. நாடகத்தில் அவன்தான் ரகு. அப்பா அடித்த கோபத்தில், அவருடைய தறியில் ஏற்றியிருந்த பாவு நூலையெல்லாம் பிளேடால் அறுத்துவிட்டு, பழியை அந்தத் தறியை ஓட்டுகிற தறிக்காரர் தலையில் விழவிட்டு ஊரை விட்டே ஓடுகிற பையன்.

இருபத்துநாலு வயசாகியும் அவன் முகம் பதினாறைத் தாண்டவில்லை. அதனால் கெட்டுப்போன பையன் வேஷம்தான் கிடைத்தது. இதுவரை நாலு நாடகம், நாலிலும் வீட்டை விட்டு ஓடியாயிற்று. “தப்புப் பண்ணிட்டு முழிக்கிறதுல உன்னை அடிச்சுக்க ஆளே இல்லப்பா” என்பார் டைரக்டர். பாவு அறுக்கிற காட்சியை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே இவன்தான். தறிக்குடோன் வைத்திருப்பவர் மகனுக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

நாளைக்குப் பல்லடத்தில் பெண் பார்க்கப் போகவேண்டும். ‘பிளேடுப் பையனுக்கா எங்க பொண்ணு?’ என்று அங்கே தயங்குகிறார்களாம். இந்தப் பக்கத்தில் எப்படியாவது நல்ல பெயர் வாங்கியாக வேண்டும்.

“அப்பா மேல கோவமுங்க. அதான் அறுத்துப்போட்டேன்” என்றான் விளையாட்டாக. சொன்னதுமே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரகுவைப் பற்றி யார் கேட்டாலும் இப்படித்தான், மனசு கிடந்து குறுகுறுக்கும்.

“அவரு என்ன கண்ணு பாவஞ் செஞ்சாரு? பழிய ஏத்துக்கிட்டுத் தலையக் குனிஞ்சுட்டுப் போனாரு. அதுக்கப்புறம் ஒரு குடோன்லயும் அவரச் சேத்துக்கலியே.”

மற்றவர்கள் எல்லாம் நாடகத்துத் தறிக்காரரை ‘பாவம் அந்தப் பெருமாளு’ என்று பெயர் சொல்லிப் பேசினார்கள். இந்த அம்மாளுக்குப் பெயர் மறந்துவிட்டது போலிருக்கிறது.

“தப்புதானுங்க” என்றான்.

“நீ அறுத்தத அவரு பாத்துக்கிட்டுதான் இருந்தாரு கண்ணு. ‘சின்னப் பையன், படிக்கிறவன்’னு கடைசி வரைக்கும் வாயே தொறக்கல.”

மோகன்குமாருக்குச் சிரிப்பு வந்தது. ரகு அறுப்பதை நாடகத்தில் யாருமே பார்க்கவில்லை. அம்மாள் வேறு ஏதோ நாடகத்தை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்.

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் நின்றார். “ஏனுங்கம்மா, டி.வி.ல வர்றதெல்லாம் நெசம்னு நெனச்சுட்டீங்களா?”

பஸ்ஸே சிரித்தது. இதுதான் சமயம் என்று மோகன்குமாரும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“அது வெறும் நடிப்புங்கம்மா. நெசத்துல நான் ஒரு நூலக்கூட அறுத்தவன் இல்லீங்க.”

சொல்லிவிட்டானே தவிர, அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. பஸ் கிளம்பியது, சிரிப்பு அடங்கியது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவேயில்லை. வெறும் நெற்றியை முந்தானையால் துடைத்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

“எங்கூட்ல டி.வி.யே இல்லையே கண்ணு.”