கொடியில் மட்டும் இருந்த ஏரி

மாநகராட்சிக் கட்டடத்தின் உச்சியில் ஒரு கொடி பறந்துகொண்டிருந்தது. நீல ஏரியும் நடுவே வெள்ளை நாரையும் வரைந்த கொடி. தான்தான் இந்த ஊரின் அடையாளம் என்று அதற்கு ஏகப்பட்ட பெருமை.

ஒரு நாள் காலை, நிஜ நாரை ஒன்று மூச்சிரைக்க வந்து மொட்டைமாடிச் சுவரில் உட்கார்ந்தது.

"தூரத்திலேயே உன்னைப் பார்த்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது. ஏரி எந்தப் பக்கம்?"

கொடி கீழே பார்த்தது. ஏரி இருந்த இடத்தில் பஸ் ஸ்டாண்டு இரைந்துகொண்டிருந்தது.

"அது... முன்னே இருந்தது" என்று இழுத்தது.

நாரை பதறியது. "ஐயோ, பின்னால் என் கூட்டமே குஞ்சுகளோடு வருகிறதே! நேரே போனால் பொழுது சாய்வதற்குள் ஆற்றைப் பிடித்துவிடுவார்கள். இங்கே இறங்கினால் மறுபடி எழும்பத் தெம்பிருக்காது. திரும்பிப் போய்ச் சொல்ல என்னாலும் முடியாது. தயவுசெய்து நீ அவர்கள் கண்ணில் படாதே!"

கொடி காற்றோடு மல்லுக்கட்டி, கம்பத்தை இறுகச் சுற்றிக்கொண்டது. ஏரி மறைந்தது. நாரை மறைந்தது. 'கடவுளே, அவர்கள் தாண்டிப் போகும்வரை யாரும் மேலே வரக் கூடாது' என்று வேண்டிக்கொண்டது.

படியேறி வந்தார் காவலாளி மாசிலாமணி. கொடியை அண்ணாந்து பார்த்தார்.

"அடடா, நம்ம ஊரு மானமே இப்படிச் சுருண்டு கெடக்குதே!"

நீளமான கழியை எடுத்து, ஒவ்வொரு சுற்றாகப் பொறுமையாகப் பிரித்துவிட்டார். கொடி படபடவென்று விரிந்தது. மாசிலாமணி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

வடக்கு வானத்தில் நேரே போய்க்கொண்டிருந்த வெள்ளைப் புள்ளிகள், சட்டென்று இந்தப் பக்கம் திரும்பின.