வசந்தகுமாரின் கத்தல்

டிரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் வசந்தகுமார் கத்தப் போகிறான்.

நான் கிதாரைப் பிடித்தபடி அவனுடைய வலது குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெதையும் பார்க்கவில்லை. கத்துவதற்கு முன் அந்தக் குதிகால் தானாக எழும்பும். ஊட்டி ஓட்டல்களில் சீசனுக்கு வாசித்த காலம் தொட்டு எங்களுக்கு அதுதான் சைகை.

அவன் தொண்டையில் கட்டி. வியாழக்கிழமை கோவையில் ஆபரேஷன். மெதுவாகப் பாடலாம், கத்தினால் பேச்சே நின்றுபோகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு பாட்டு வருமா என்று கேட்டதற்கு, முதலில் கட்டியை எடுப்போம் என்றார்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு இதுதான் எங்கள் முதல் ஆல்பம். தேயிலை விலை விழுந்து பேக்டரி மூடிக் கிடந்ததால்தான் எங்களுக்கு நேரம் கிடைத்தது. ரெக்கார்டிங்குக்கு, இலை வாட்டும் இந்த மாடியும் கிடைத்தது. எல்லாம் ப்ளூஸில் ஊறிய ஹார்ட் ராக், அடித்தொண்டையிலிருந்து கத்திப் பாடுகிற இசை. மற்றப் பாட்டுகள் முடிந்துவிட்டன. இந்தக் கடைசிப் பாட்டின் உயிரே அந்தக் கத்தலில்தான் இருந்தது.

டிரம் வாசிக்கும் வேலாமணி காலையிலேயே கேட்டுப் பார்த்தார். "ஏனுங்க பாட்டுக்காரரே, கத்தாம முடிச்சா ஆவாதுங்களா?"

"இதென்ன தாலாட்டா?" என்றான் வசந்தகுமார். "பேச்சுப் போனாப் போவுது. பேசி என்னத்தப் பறிக்கப் போறேன்? பறிச்ச கொழுந்துக்கே வெலையில்ல."

எல்லோரும் சிரித்தோம். அவன் மனைவி ராஜகுமாரி சிரிக்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

அவன் இடத்தைத் திருடிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அவன் வாய் திறக்கும் முன் கிதார் முந்திவிட வேண்டும். முந்திவிட்டால் கத்த மாட்டான். ஒருவர் நுழைந்துவிட்டால் மற்றவர் ஒதுங்குவது எங்கள் வழக்கம். அதற்குப் பிறகு அவன் என் முகத்தில் விழிப்பானா என்பது வேறு விஷயம்.

வேலாமணியின் அடி நெருங்கி வந்தது. விரல் வியர்த்துக் கம்பியில் வழுக்கியது.

கொஞ்சம் பிந்தினாலும் போச்சு.

குதிகால் எழும்பியது.

ஒலியை முழுதாகத் திறந்து, கம்பியைப் பலங்கொண்ட மட்டும் மேலே தள்ளினேன். தகரக் கூரை அதிர்ந்தது. கிதார் அவனைப் போலவே கத்தியது. மூச்சுவிட வேண்டியிராததால் அவனைவிட நீளமாகக் கத்தியது. அவன் குரல் நுழைய ஒரு சந்துகூட விடவில்லை நான்.

பாட்டு முடிந்தது.

தலை நிமிர எனக்குத் தைரியமில்லை. திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. மெல்லப் பார்த்தேன்.

வசந்தகுமார் கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தான்.

மைக் அவன் வாய்க்கு நேராக இல்லை. என் கிதாரின் ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

திருப்பியதோடு விடாமல், மறுபடி தன் பக்கம் திரும்பாதபடி ஸ்டாண்டின் திருகாணியையும் இறுக்கி வைத்திருந்தான்.