மதகுக்குள் இரண்டு குரல்

"ஒண்ணில்ல, ரெண்டு இருந்திருக்கு" என்றார் பறவை பார்ப்போர் சங்கத் தலைவர் லாயிட், டொரீனின் ஒலிப்பதிவுக் கருவியைக் காதில் வைத்தபடி. "ஒண்ணு கூப்பிடுது, இன்னொண்ணு பதில் சொல்லுது. டெக்சாஸ்ல கிடக்கிற குகைத் தகைவிலான் குருவி நம்ம கவுன்டிக்கே வந்துடுச்சுப்பா. முதல் பதிவு டொரீனோடது."

ஓட்டலில் இருந்த சங்கத்துக்காரர்கள் டொரீனின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். வெர்லின் மட்டும் பான்கேக் தட்டைத் தள்ளி வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, நல்ல மூடுபனி. நெடுஞ்சாலைக்கு அடியில் போகும் மதகின் மேற்கு வாசலில் நின்று, போனில் அந்தப் பறவையின் பாட்டைப் போட்டவனே அவன்தான். ஒன்றாவது எட்டிப் பார்க்காதா என்ற நப்பாசை. உள்ளேயிருந்து எதிரொலி வந்ததே தவிர ஒரு இறகுகூட வரவில்லை. கிழக்கு வாசலில் டொரீன் ஒலிப்பதிவுக் கருவியோடு நின்றது அவனுக்கு எப்படித் தெரியும்?

கூடு கட்டும் காலத்தில் பாட்டுப் போட்டுப் பறவையை ஏமாற்றுகிறவன் சங்கத்திலேயே இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் டொரீன். அரிய பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கும் மாநிலக் குழு ஏற்கெனவே இரண்டு முறை அவள் சொன்னதை நம்பவில்லை. இப்போது போன் பாட்டைப் போய் அனுப்பினால் அவள் பேர் சந்தி சிரித்துவிடும். நல்ல மனுஷியை இப்படி மாட்டிவிட்டோமே.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் டொரீன் அறிக்கையை அனுப்பாமல், ஆறிப்போன காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். வெர்லின் எதிரில் போய் உட்கார்ந்தான்.

"அனுப்பாத டொரீன். அது பறவை இல்ல, நான்தான். மேற்குப் பக்கம் நின்னு போன்ல பாட்டுப் போட்டேன். என்னைச் சங்கத்தை விட்டுத் தூக்கிடு, பரவாயில்ல."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நீயா?" என்றாள்.

நாலு திட்டு விழும் என்று காத்திருந்தவனுக்குச் சட்டென்று லாயிட் சொன்னது நினைவுக்கு வந்தது.

"இரு, இரு. நான் போட்டது ஒரு குரல்தானே? இதுல ரெண்டு இருக்கு. அப்ப நான் எதிரொலின்னு நினைச்சது நிஜப் பறவை. தப்பிச்சோம் டொரீன், தைரியமா அனுப்பு."

டொரீன் தலையை நிமிர்த்தவேயில்லை.

"அந்த இன்னொண்ணு என் போன், வெர்லின்."