குழந்தைகள்: இல்லை

விண்ணப்பக் கட்டைத் தூக்கி மேஜைமேல் போட்டார் சிடுமூஞ்சி. போட்ட வேகத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவர் குனியவில்லை.

"இந்தப் பொய்யை நான் அனுப்ப மாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. வெளிநாட்டுக்குப் பிழைக்க வந்து, நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு, சலவைக் கடைக்கு மேலே இருக்கும் அவருடைய விசா ஏஜென்சியின் படி ஏறியவர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் இது. வேலை சுத்தம். வாய்தான் விளக்குமாறு.

எதிரே புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தொழிற்சாலையில் மெஷின் செட்டர். லேத்தில் மயிரிழை பிசகினாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். வேலை விசாவில் வந்து மூன்று வருடமாகிறது. ஆள் தட்டுப்பாடு உள்ள தொழில்களின் பட்டியலில் அவன் தொழிலும் இப்போதுதான் ஏறியிருந்தது. இந்த மாதத்துக்குள் மனுப் போட்டால் சீக்கிரமே பி.ஆர். என்கிற நிரந்தர அனுமதி கைக்கு வந்துவிடும். பழம் நழுவிப் பாலில் விழுகிற நேரத்தில் இந்த மனுஷர் பாலையே தட்டிவிடுகிறாரே என்று அவனுக்கு எரிந்தது.

சண்டை ஒரே ஒரு வரிக்காகத்தான். குழந்தைகள் என்ற இடத்தில் அவன் 'இல்லை' என்று எழுதியிருந்தான்.

இருக்கிறாள். ஐந்து வயது. ஊரில் அவனுடைய அக்காவிடம் வளர்கிறாள். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, காது மெஷின் மாட்டினால் ஓரளவு கேட்கும். குடும்பத்தில் ஒருவர் மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டாலும் மொத்தக் குடும்பத்துக்கும் அனுமதி கிடையாது என்பது இந்தச் சீக்கிர வழியின் விதி. அந்த விதியை எழுதியவனுக்குப் பிள்ளை குட்டி இருந்ததா என்று தெரியவில்லை.

மெதுவான வழியும் ஒன்று உண்டு. குழந்தையின் பெயரை முதல் பக்கத்திலேயே எழுதி, டாக்டர் கடிதம் வைத்து, விசாரணைக்கு அழைக்கும்வரை வேலை விசாவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வருடக்கணக்கில் இழுக்கும். சிடுமூஞ்சி அதிலேயே ஒற்றைக்காலில் நின்றார்.

"முதல்ல நாங்க இங்க காலூன்றிக்கறோம் சார். பி.ஆர். வந்ததும் அவளைக் கூப்பிட்டுக்கப் போறோம்," என்றான் அவன். "எங்க அக்காவுக்குப் பிள்ளை இல்ல. தன் பிள்ளையாவே வளர்க்கறா."

அதைக் கேட்டதும் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து சிடுமூஞ்சியின் போன் அடித்தது. எடுத்ததும் ஆளே மாறிப்போனார்.

"சொல்லுடா கண்ணு."

"மாமா, எனக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிருச்சு மாமா." பெண் குரல் அறை முழுக்கக் கேட்டது.

சாப்பிட்டாயா என்றார். வண்டியில் மெதுவாகப் போ என்றார். அப்பா உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். பழைய சிடுமூஞ்சி.

மாமா என்றால் அக்கா பெண்ணாகத்தான் இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். தன் அக்கா பெண் என்றால் கண்ணு, அடுத்தவன் பெண் என்றால் மட்டும் கல் நெஞ்சா?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள் என்றான். மெதுவான வழியில் போனால் வருஷா வருஷம் விசா புதுப்பிக்க இவரிடம்தானே வந்து நிற்க வேண்டும், அந்தக் கணக்கெல்லாம் தனக்குப் புரியும் என்றும் சொன்னான். மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் கேட்கவில்லை.

சிடுமூஞ்சி வேறொன்று கேட்டார்.

"உங்க பொண்ணு உங்களை எப்படிக் கூப்பிடுவா?"

"இது என்ன கேள்வி? அப்பான்னுதான்."

"போன லீவுலதான் காது மெஷின் மாட்டினோம்," என்றாள் மனைவி மெல்ல. "மாட்டின பிறகு அவ கத்துக்கிட்ட முதல் வார்த்தையே அப்பாதான்."

அவன் விண்ணப்பக் கட்டை வாரிக்கொண்டு எழுந்தான். "இவர்கிட்ட என்னத்தப் பேசிக்கிட்டு? பிள்ளை பெத்தவனுக்குத்தான் பிள்ளையோட அருமை தெரியும். வா போகலாம்."

"உக்காருங்க."

குரல் தணிந்திருந்தது. கோபம் தணியவில்லை. அந்தக் கோபம் தங்கள்மேல் இல்லையோ என்று மனைவிக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

"நானும் அதே இடத்துல 'இல்லை'ன்னு எழுதினவன்தான். கைக்குழந்தை. நெஞ்சுல கோளாறு, டெஸ்ட்ல தேறாதுன்னாங்க. அவளை எங்க அக்காகிட்ட விட்டுட்டு நானும் என் சம்சாரமும் கிளம்பி வந்துட்டோம். பி.ஆர். வந்ததும் கூப்பிடலாம்னு மனுப் போட்டேன். அன்னைக்கு இல்லாத பிள்ளை இன்னைக்கு எங்கிருந்து வந்ததுன்னு கேட்டாங்க. முதல்ல மறைச்ச பேரைப் பின்னால எப்பவும் சேர்க்க முடியாது. சட்டம் அப்படி. என்னை ஊருக்குத் துரத்தாம விட்டதே பெரிசு."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"அந்தக் குழந்தை இப்ப எங்க சார் இருக்கா?" என்று மனைவிதான் கேட்டாள்.

சிடுமூஞ்சி குனிந்து பேனாவை எடுத்தார். அவன் கையிலிருந்த கட்டை வாங்கி, 'இல்லை' என்பதை அழுத்தமாக அடித்துவிட்டு, பேனாவை அவனிடம் நீட்டினார்.

"இப்பதான் போன்ல பேசினாளே. மாமான்னு."