ஆறரை மணிக் கோளாறு

“விஞ்ஞானம் குடியிருக்கிற வீட்டிலை இருட்டுக்கு இடமில்லை!” என்று முழங்கினார் வலன்ரைன் மாஸ்ரர்.

அவருடைய மனைவி றோசம்மா, அன்றைய இரவுக்காகக் குப்பி விளக்கில் மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

தாழ்வுபாடு கிராமத்தில் இருந்த அவர்கள் வீட்டில் ஏழு நாட்களாக, மாலையானால் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். வீடு முழுவதும் இருண்டுவிடும். அரை மணித்தியாலம் கழித்துத் தூக்கிவிட்டால் நிற்கும். மறுநாள் மாலை மறுபடி விழும். முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர் வீட்டில் இப்படி நடப்பது ஊருக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது. மீன் வாங்கப் போன இடத்தில்கூட, “மாஸ்ரர், இண்டைக்கு எத்தினை மணிக்கு?” என்று கேட்டார்கள்.

“இது கண்ணூறு. ஃபாதரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிப்பம்” என்றார் றோசம்மா.

“கண்ணூறு பட்டு ட்ரிப் சுவிட்ச் விழுமோ? சரி, பந்தயம்! வயறிங்கிலைதான் பிழை எண்டு தெரிஞ்சால், வாசலிலை நீர் தொங்கவிட்டிருக்கிற தீர்த்தச் சாடியை இண்டைக்கே கழட்டவேணும். நாலு படிச்ச ஆக்கள் வாற வாசல் இது. எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

அது றோசம்மாவின் தாய் கலியாணத்துக்குக் கொடுத்த பீங்கான் சாடி. வீட்டைவிட்டுப் போகும்போதும் வரும்போதும் அதில் விரலை நனைத்துச் சிலுவை போடாமல் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை.

“பந்தயம்தான்” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நாலு மணிக்கு, தோட்டவெளி ஊரில் வயறிங் வேலை செய்யும் டிலோஜினி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள்.

“நீர் என்னட்டைப் படிச்சனீரெல்லோ?” மாஸ்ரர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். “எட்டாம் வகுப்பிலை விஞ்ஞானத்துக்கு எத்தினை புள்ளி?”

“முப்பத்திரண்டு சேர்.”

“பாத்தீரோ?” என்று மனைவியிடம் திரும்பினார்.

“அதாலைதான் சேர், பிழை எங்கை வரும் எண்டு எனக்கு நல்லாத் தெரியும்.”

றோசம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார்.

மாஸ்ரர் ஒரு கட்டக் கொப்பியை விரித்தார். ஏழு நாள் கோளாறும் அதில் வரைபடமாக ஏறி இறங்கியது. “முதல் நாள் ஏழேகால். பிறகு ஆறு நாளும் சரியா ஆறரை. காரணம் என்ன? ஆறரைக்கு ஊர் முழுக்க லைட் போடுது. வோல்ட்டேஜ் விழுது. எலெக்ட்ரோன்கள் தடுமாறுது. மின்சாரக் கந்தோருக்கு நாலு பக்கத்திலை கடிதம் எழுதி வைச்சிருக்கிறன்.”

“ஊர் முழுக்க லைட் எரியுது சேர். உங்கடை வீட்டிலை மட்டும்தானே விழுது?”

“அதைத்தான் நாலாம் பக்கத்திலை கேட்டிருக்கிறன்.”

டிலோஜினி எல்லா லைட்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. “உள்ளுக்கை பிழை இல்லாட்டி, எப்பவும் வெளியிலைதான்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மெயினை நிறுத்திவிட்டு, வாசல் லைட்டின் சுவிட்சைக் கழற்றினாள். உள்ளே இருந்து காய்ந்த பல்லி ஒன்று விழுந்தது.

“வயறிங்!” என்று கத்தினார் மாஸ்ரர். “கண்ணூறு இல்லை, பல்லி! றோசம்மா, இஞ்சை வாரும். சாடி இறங்கட்டும்!”

“பொறுங்கோ சேர். இது முதல் நாள் விழுந்ததுக்குத்தான் காரணம். இந்தப் பல்லி செத்து எப்பவோ காய்ஞ்சிட்டுது. மற்ற ஆறு நாளும் இதாலை இல்லை.” அவள் டோர்ச்சை அடித்து உள்ளே பார்த்தாள். “செம்பெல்லாம் பச்சை பிடிச்சிருக்கு. ஓரத்திலை வெள்ளையா உப்பு. மழை பெய்து நாலு மாசம். இதுக்கை ஆரோ தண்ணி தெளிச்சிருக்கினம். அதுவும் உப்புப் போட்டு மந்திரிச்ச தண்ணி. அது கரண்டை நல்லாக் கடத்தும், காய்ஞ்ச பிறகுதான் விடும்.”

மாஸ்ரரின் முகம் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு குரல் இரண்டு மடங்காக உயர்ந்தது.

“தீர்த்தம்! கேட்டீரோ றோசம்மா? ஆறரை மணி எண்டால் என்ன நேரம்? உம்மடை நவநாள் செப நேரம்! முப்பத்தொரு வருசம் நான் சொல்லிக் குடுத்ததை, இந்த வீட்டுக்குள்ளையே ஒருத்தரும் படிக்கேல்லை!”

றோசம்மா வாசலுக்குப் போனார். சாடியில் இரண்டு கையையும் வைத்தார். கண் கலங்கியிருந்தது. கழற்றப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இஞ்சருங்கோ, நவநாள் கோயிலிலையெல்லோ நடக்குது?” என்றார் மெதுவாக. “இந்த ஆறு நாளும் ஆறரைக்கு நான் அங்கை முன் வாங்கிலை இருந்தனான்.”

“அப்ப வீட்டிலை ஆர் நிண்டது?” என்று கேட்டாள் டிலோஜினி, சுவிட்சைத் துடைத்துக்கொண்டே.

மாஸ்ரர் கட்டக் கொப்பியை மூடினார். தொண்டையைச் செருமினார்.

“முதல் நாள் விழுந்தவுடனை எனக்கும் கொஞ்சம் பயமாக் கிடந்தது” என்றார். “வாசல் லைட் போட முந்தி, ஒரு நாளைக்கு மூண்டு சொட்டுத்தான் தெளிச்சனான்.”