கரையில் நட்ட பனங்கொட்டை

ஏரிக்கரையில் ஊர்க்காரர்கள் ஒரே நாளில் இரண்டை நட்டார்கள். ஒன்று, அழகுக்காக நர்சரியிலிருந்து வாங்கி வந்த குல்மோகர் கன்று. அதற்கு மூங்கில் கூண்டும் பெயர்ப்பலகையும் கிடைத்தன. இன்னொன்று, அந்தக் கரையிலேயே பொறுக்கிய பனங்கொட்டை. குழியில் போட்டு மண்ணை மூடியதோடு சரி.

மாதங்கள் போயின. கன்று ஆள் இடுப்பு உயரம் வளர்ந்தது. பக்கத்தில் வெறும் மண்தான் கிடந்தது.

"பாவம், செத்துப்போச்சு போல," என்றது கன்று, கரையில் வளை வைத்திருந்த நண்டிடம்.

நண்டுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. கோடையில் ஏரி வற்ற வற்ற, ஈரத்தைத் தேடி அது வளையை ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தது. கன்றின் இலைகளும் மதியமானால் துவண்டன.

ஒரு நாள் காலையில் நண்டு மேலே வந்து அசையாமல் உட்கார்ந்தது.

"என்ன ஆச்சு?"

"நான் தோண்டத் தோண்ட அந்தக் கொட்டையோட வேர் கூடவே வருது. கடைசியா நான் ஈரத்தைத் தொட்டப்போ, அது எனக்கு முன்னாடியே அங்க போய்க் குடிச்சிட்டு இருக்கு. இன்னும் மேல ஒரு இலைகூட விடலை."

கன்று தன் அடிமண்ணைக் குனிந்து பார்த்தது. பிறகு மெதுவாகக் கேட்டது. "என் வேர் எதுவரைக்கும் வந்திருக்கு?"

நண்டு தன் வளையின் வாயைக் கொடுக்கால் காட்டியது.

"என் வாசல் வரைக்கும்."