திறப்பு விழாவில் வெளிச்சியின் கண்

“இனி இந்த மலையில் சிக்கிள் செல் ரத்த நோயால் ஒருவர்கூடப் பார்வை இழக்கமாட்டார்!” என்று சுகாதார நிலையத்துக்கு வந்த விழித்திரைக் கேமராவுக்கு மாலை போட்டு அறிவித்தார் சிறப்பு விருந்தினர். பத்து மணிக்கு வரவேண்டியவர் இரண்டு மணிக்கு வந்திருந்தார். அதற்குள் நர்ஸ் புஷ்பலதா, கண்மணி விரிவதற்கான சொட்டு மருந்தை அந்த நோயுள்ள வெளிச்சிக்கு மூன்று முறை விட்டுவிட்டாள்.

“ஒரு மாசமா இடது கண்ணுல கறுப்பு நூலு மிதக்குது சிஸ்டர்.”

“உள்ள ரத்தம் கசியுதோ என்னமோ. மொத ஆளு நீங்கதான்க்கா.”

பத்திரிகைக்காரர்கள் கேட்டதால் விருந்தினரே முதலில் உட்கார்ந்தார். வெளிச்சம் மின்னியது, கைதட்டினார்கள். கேமராவைக் கொண்டுவந்த ஆள் உடனே அதைப் பெட்டியில் வைத்தார்.

“என்னங்க, ஆளுங்க காத்திருக்காங்க!”

“நாலு மணிக்கு அடுத்த ஊர்லயும் இதைத் திறக்கணும் சிஸ்டர். மாலை வேணா வச்சுக்குங்க.”

வெயிலில் கண் கூசி, புஷ்பலதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போகும் ஜீப்புக்கு நடந்தாள் வெளிச்சி.

“மறுபடி எப்ப வரணும்?”

“மறுபடி திறக்கும்போதுக்கா.”

அன்று அங்கே கேமராவில் பதிந்தது ஒரே ஒரு விழித்திரை. சொட்டு மருந்து எரியும் என்று விருந்தினர் மறுத்துவிட்டதால் அதுவும் கலங்கலாக இருந்தது.